பேஸ் கிட்டாரை விற்க நினைக்கும் மருமகனுக்கு

அன்புள்ள மாப்பிள்ளை,

நேற்று ராத்திரி அக்கா போனில் சொன்னாள். கீழ்ச் சுரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டாரை விற்றுவிட்டு, மெட்டை முன்னால் நின்று வாசிக்கும் லீட் கிட்டார் வாங்கப் போகிறாயாம், விற்பனைக்குப் போட போட்டோகூட எடுத்து வைத்துவிட்டாயாம். காலேஜ் விழாவில் பாடினவனைத் தோளில் தூக்கி ஆடியிருக்கிறார்கள், லீட் வாசித்தவனோடு செல்ஃபி எடுத்திருக்கிறார்கள். உன்னிடம் வந்த ஒருத்தன் "நீ என்னடா வாசிச்சே, ஒண்ணுமே கேக்கலையே" என்று கேட்டுவிட்டுப் போனானாம். மனசில் தைக்கத்தான் செய்யும். எனக்கே கேட்டபோது கஷ்டமாக இருந்தது.

ஆனால் அக்கா இன்னொன்றும் சொன்னாள். அதை உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். இரண்டாவது பாட்டுக்கு நடுவில் உன் கேபிள் கழன்றுவிட்டதாமே? நீ குனிந்து தேடிச் சொருகிய அந்த அரை நிமிஷத்தைப் பற்றி, "என்னன்னு தெரியலடா, பாட்டு திடீர்னு வத்திப்போன மாதிரி ஆயிடுச்சு. கரண்டு கொறஞ்சிருச்சோன்னு நினைச்சேன்" என்றாள். உன் அம்மாவுக்கு ச, ரி வித்தியாசம் தெரியாது. உன் கையில் இருப்பது எந்தக் கிட்டார் என்றும் தெரியாது. நீ இல்லாதது மட்டும் தெரிந்திருக்கிறது.

அதனால்தான் ராத்திரியோடு ராத்திரியாக உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உன் அறைச் சுவரில் ஜமைக்காவின் ரெகே பாடகர் பாப் மார்லி சிரித்துக்கொண்டிருக்கிறார். அவர் பாட்டுக்கு நீ தலையாட்டும்போது உன்னை ஆட்டிவைப்பது பாதிக்கு மேல் இன்னொருவருடைய விரல். ஆஸ்டன் பாரெட் என்று பெயர். எல்லோரும் கூப்பிட்டது ஃபேமிலி மேன் என்று.

நான் அவரை முதலில் கேட்டது கேசட் பதிவு செய்துதரும் கடையில் வேலை பார்த்த காலத்தில். கப்பலில் வேலை செய்த ஒருவர் மார்லி கேசட் ஒன்றைக் கொண்டுவந்து, நகல் எடுத்துத் தரச் சொன்னார். பதிவாகும்போது சரிபார்க்க வேண்டுமே என்று கடைப் பெட்டியில் ஓடவிட்டேன். ஸ்பீக்கர் பெட்டி மேல் என் டீ கிளாஸ் இருந்தது. பாட்டு தொடங்கியதும் டீயின் மேல் ஆடையில் வட்டம் வட்டமாக அலை எழும்பியது. ஒரு அலை, கொஞ்சம் அமைதி, மறுபடி இரண்டு அலை. பாடகர் குரலுக்கு டீ அசையவில்லை, கிட்டாருக்கும் அசையவில்லை. வேறு ஏதோ ஒன்றுக்குத்தான் அசைந்தது. அது என்னவென்று கண்டுபிடிக்க அந்த ஆளின் கேசட்டை அன்றைக்கு நாலு தடவை ஓட்டினேன்.

ஜமைக்காவின் கிங்ஸ்டனில் 1946இல் பிறந்தவர் பாரெட். வெல்டிங் வேலை பார்த்திருக்கிறார். முதல் பேஸ் கிட்டாரைக் கடையில் வாங்கவில்லை, தானே செய்தார். உடம்புக்கு ப்ளைவுட், கழுத்துக்கு ஒரு மரச் சட்டம், தந்திக்குத் திரைச்சீலை மாட்டும் கம்பி. தம்பி கார்ல்டனின் முதல் டிரம்ஸ் காலி பெயிண்ட் டப்பாக்கள். நீ உன் ஆம்ப் சின்னது என்று குறைப்பட்டுக்கொள்ளும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெயிண்ட் டப்பாக்கள்தான் ஞாபகம் வரும். ஃபேமிலி மேன் என்ற பெயரும் தனக்குத் தானே வைத்துக்கொண்டதுதான். அப்போது அவருக்குக் குழந்தைகூடக் கிடையாது. வாத்தியக்காரர்களை ஒரு குடும்பமாகக் கட்டி நிறுத்தும் ஆள் தான் என்று அந்த வயதிலேயே முடிவு செய்திருக்கிறார்.

அண்ணனும் தம்பியும் ஹிப்பி பாய்ஸ் என்ற குழுவில் வாசித்தார்கள். பிறகு லீ பெர்ரி என்ற தயாரிப்பாளருக்கு அப்செட்டர்ஸ் என்ற பெயரில் வாசித்தார்கள். பெர்ரியிடம் அந்த நாளில் வெய்லர்ஸ் என்ற பெயரில் பாடிக்கொண்டிருந்த மூவர் பாப் மார்லி, பீட்டர் டோஷ், பன்னி வெய்லர். மூவரும் கிளம்பியபோது இந்தச் சகோதரர்களும் அவர்களோடு போய்விட்டார்கள். பெர்ரிக்கு அதில் மகா கோபம். இருக்காதா பின்னே, வீட்டின் அஸ்திவாரத்தையே பெயர்த்துக்கொண்டு போனால்!

இனி உனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். அவர்கள் வாசித்த தாளத்துக்கு ஒன் டிராப் என்று பெயர். விரல் விட்டு எண்ணிப் பார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ராக் பாட்டாக இருந்தால் டிரம்ஸ்காரர் ஒன்றில் ஓங்கி மிதிப்பார். கார்ல்டன் அங்கே மிதிக்க மாட்டார். மூன்றில்தான் காலால் மிதிக்கும் கிக் டிரம்மும், ஸ்நேர் என்ற சின்ன டிரம்மின் விளிம்பில் குச்சி தட்டும் சத்தமும் சேர்ந்து விழும். இரண்டிலும் நான்கிலும் கிட்டார் 'சக்' என்று வெட்டும். நாம் பஜனையில் கை தட்டிப் பழகியவர்கள், தாளத்தின் முதல் அடியான சமத்தில் கை விழாவிட்டால் நமக்குக் கால் தடுக்கிய மாதிரி இருக்கும். இவர்களோ அந்தச் சமத்தையே காலியாக விட்டுவிட்டார்கள். கேட்கிறவன் உடம்பு அந்தப் பள்ளத்தில் தானாக இறங்கி எழும். ரெகேக்கு யாரும் சொல்லிக் கொடுக்காமலே ஜனம் அசைவது அதனால்தான்.

அந்தப் பள்ளத்தில் என்ன வைப்பது, எதை வைக்காமல் விடுவது என்பது அண்ணன் வேலை. பேஸ் வாசிக்கும்போது தான் பாடுவதாகவே நினைத்துக்கொள்வேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். பாரிடோன் குரல், அதாவது ஆண் குரலில் உச்சத்துக்கும் அடிக்கும் இடைப்பட்ட கனத்த குரல். மார்லி மேலே ஒரு பாட்டு பாடினால் இவர் கீழே வேறொரு பாட்டு பாடுகிறார். மார்லி வார்த்தையை முடித்து மூச்சு வாங்கும் இடத்தில் இவர் பேசுவார், மார்லி பேசும்போது ஒதுங்குவார். டிரம்ஸ் இதயத் துடிப்பு, பேஸ் முதுகெலும்பு என்பதும் அவர் சொன்னதுதான். முதுகு சரியில்லை என்றால் பாட்டு முடமாகிவிடும் என்பார்.

நீ இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. 1980இல் வந்த அப்ரைசிங் ஆல்பத்தின் கடைசிப் பாட்டில் மார்லி தனியாக, ஒரே ஒரு அக்கூஸ்டிக் கிட்டாரோடு பாடுகிறார். உலகமே தலையில் தூக்கி வைத்துக்கொண்டாடும் 'ரிடெம்ஷன் சாங்' அதுதான், எனக்கும் உயிர். அதைக் கேட்ட கையோடு அதற்கு முந்தைய பாட்டைக் கேள். பேஸ் உள்ளே வந்ததும் அறைக்குத் தரை போட்ட மாதிரி இருக்கும். தயவுசெய்து செல்போன் ஸ்பீக்கரில் கேட்காதே. அந்தச் சின்ன ஸ்பீக்கரால் கீழ்ச் சத்தத்தைத் தரவே முடியாது. இன்றைக்குப் பாதி உலகம் பாரெட் இல்லாத மார்லியைத்தான் போனில் கேட்டுக்கொண்டிருக்கிறது.

டோஷும் பன்னியும் 1974இல் விலகியபின் குழுவைக் கட்டி நடத்தியது பாரெட்தான். யார் எப்போது வாசிக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அவர் கணக்கு. லண்டன் லைசியம் அரங்கில் 1975இல் நடந்த அந்தக் கச்சேரியிலும், 1977இல் வந்த எக்ஸோடஸ் ஆல்பத்திலும், 1980 ஏப்ரலில் ஜிம்பாப்வே விடுதலை பெற்ற இரவிலும் இசையின் அடித்தளம் அவர். கற்றுக்கொடுப்பதிலும் கஞ்சத்தனம் கிடையாது. பின்னாளில் பெரும்பெயர் எடுத்த ராபி ஷேக்ஸ்பியர் இவரிடம் படித்தவர். வெய்லர்ஸின் கேட்ச் எ ஃபயர் ஆல்பத்தில் 'கான்கிரீட் ஜங்கிள்' பாட்டுக்கு பேஸ் வாசித்தது அந்த மாணவர்தான்.

'ஒண்ணுமே கேக்கலையே' என்று உன்னிடம் கேட்டானே, அவனுக்கு இந்தக் கதையைச் சொல். ஹாரி ஜே ஆல் ஸ்டார்ஸ் என்ற பெயரில் 1969இல் 'லிக்விடேட்டர்' என்றொரு இசைத்தட்டு வந்தது. பாட்டுவரி கிடையாது, ஆர்கன் மட்டும் முன்னால் பாடும். பேஸ் பாரெட். இங்கிலாந்தில் முதல் பத்துக்குள் வந்தது. மூன்று வருஷம் கழித்து அமெரிக்காவில் ஸ்டேபிள் சிங்கர்ஸ் குடும்பம் 'ஐ'ல் டேக் யூ தேர்' பாடி முதலிடத்துக்குப் போனது. அதன் தொடக்கம் அப்படியே லிக்விடேட்டரின் தொடக்கம். இங்கிலாந்தில் செல்சி மாதிரி கால்பந்து அணிகளின் மைதானத்தில் ஆட்டக்காரர்கள் இறங்கும்போது இன்றும் அந்த ஜமைக்கா இசையை ஒலிக்கவிட்டு ஆயிரக்கணக்கானோர் கை தட்டுகிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு வாசித்தவர் பெயர் தெரியும்?

பெயர் தெரியாமல் போனதற்கு அவர் கொடுத்த விலை பெரிது. அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். மார்லி 1981 மே 11ஆம் தேதி 36 வயதில் இறந்தார், உயில் எழுதவில்லை. 1984இல் வந்த அவர் பாட்டுகளின் லெஜண்ட் தொகுப்பு உலகமெங்கும் கோடிக்கணக்கில் விற்றது. தம்பி கார்ல்டனை 1987 ஏப்ரலில் கிங்ஸ்டனில் அவர் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். அவருக்கும் 36 வயது. பிறகு 2006இல் அண்ணன் லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். ராயல்டி பாக்கி, பாட்டுகளில் தன் பங்கு என்று சுமார் 6 கோடி பவுண்டு கேட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. தோற்றார். 1994இல் அவர் ஒரு தொகை வாங்கிக்கொண்டு சமரசப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். அதற்குமேல் கேட்க உரிமையில்லை என்று தீர்ப்பு வந்தது.

சட்டப்படி அது சரியாக இருக்கலாம், வாதாட எனக்குச் சட்டம் தெரியாது. என்னைப் பொறுத்தவரை, பாட்டு என்றால் வரியும் மெட்டும் மட்டும்தான் என்று எழுதிவைத்த கணக்கு அநியாயமான கணக்கு. 1976இல் வந்த ராஸ்டாமேன் வைப்ரேஷன் ஆல்பத்தில் 'ஹூ த கேப் ஃபிட்' பாட்டுக்கு இயற்றியவர்கள் என்று அண்ணன் தம்பி இருவர் பெயரும் இருக்கிறது. மற்றப் பாட்டுகளில் அவர்கள் கை எவ்வளவு என்பதை அந்த டீ கிளாஸைக் கேட்டால் சொல்லும். நீ நாளைக்கு யாரோடு சேர்ந்து எதைப் பதிவு செய்தாலும் யார் என்ன வாசித்தார்கள், யாருக்கு எவ்வளவு என்று அன்றைக்கே எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். நண்பர்கள்தானே என்று விட்டுவிடாதே. நண்பர்களாக இருக்கும்போதுதான் அதை எழுத முடியும்.

வழக்கில் தோற்றும் அவர் வாசிப்பதை விடவில்லை. வெய்லர்ஸ் பெயரில் குழுவைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். 2024 பிப்ரவரி 3ஆம் தேதி மயாமியில் காலமானார், 77 வயது. பதினோரு நாள் கழித்து மார்லியைப் பற்றிய படம் திரைக்கு வந்தது. அதில் பேஸ் கிட்டாரோடு ஃபேமிலி மேனாக நடித்திருப்பது அவருடைய சொந்த மகன், ஆஸ்டன் பாரெட் ஜூனியர். அப்பா வாசித்த வாத்தியத்தையே வாசிக்கிற பிள்ளை. அந்தப் படத்தைப் பார்க்கும்போது மார்லியாக நடித்தவரைப் பார்க்காமல் பின்னால் நின்றவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து ஸீட்டில் உன் அத்தை, "எங்கே பாத்துட்டு இருக்கீங்க?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். பழைய கடையிலிருந்து நான் எடுத்துவைத்த அந்தப் பெரிய ஸ்பீக்கர் பெட்டியில் கோன் கிழிந்திருந்தது, போன வாரம்தான் மாற்றினேன். அதை ஏற்றிக்கொண்டு வருகிறேன். உன் கிட்டாரை அதில் போட்டு, ஒன்றை விட்டுவிட்டு மூன்றில் விழுந்து வாசி. அக்காவிடம் டீ போடச் சொல்லி, கிளாஸைப் பெட்டி மேல் வைப்போம். அதுவரைக்கும் அந்தப் போட்டோவை எங்கேயும் போடாதே.

அன்புடன்,
உன் மாமா