சுயுவானை எந்தத் தமிழில் பேச வைப்பது?

அன்புள்ள தங்கைக்கு,

நீ மொழிபெயர்த்து அனுப்பிய அத்தியாயங்களை ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து படித்தேன். உனக்கு மட்டும் பதில் போட்டிருக்கலாம். ஆனால் நீ கேட்ட கேள்வி மொழிபெயர்ப்பில் கை வைக்கும் இன்னும் சிலருக்கும் இருக்கும். அதனால் உன் சம்மதத்தோடு எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

"அக்கா, இந்த அம்மாக்களின் உடைந்த ஆங்கிலத்தைத் தமிழில் என்ன செய்வது?" என்று கேட்டிருந்தாய். மற்றவர்களுக்காக ஒரு வரி: சீன வம்சத்து அமெரிக்க எழுத்தாளர் ஏமி டானின் 'த ஜாய் லக் கிளப்' 1989-இல் வந்த நாவல். சீனாவிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்து சேர்ந்த நான்கு அம்மாக்கள், அமெரிக்காவில் வளர்ந்த அவர்களுடைய நான்கு மகள்கள், மொத்தம் 16 கதைகள். (உரிமை வாங்கும் வேலை எந்த அளவில் இருக்கிறது? அதை முதலில் முடி.)

அந்த அம்மாக்களில் ஒருத்தியான சுயுவானுக்கு நீ கிராமத்துப் பேச்சைக் கொடுத்திருக்கிறாய். ஏன் என்று புரிகிறது. 'சரியில்லாத' ஆங்கிலம் என்றதும் நம் கை தானாக வட்டார வழக்குக்குப் போய்விடும். ஆனால் வட்டார வழக்கு பேசுகிறவர் அந்த மொழிக்குச் சொந்தக்காரர். அதில் அவர் சண்டை போடுவார், தாலாட்டுவார், பொய் சொல்வார். சுயுவானுக்கு ஆங்கிலம் அப்படி இல்லை. அவள் குவோமின்டாங் என்ற சீனத் தேசியவாதக் கட்சியின் ராணுவ அதிகாரிக்கு மனைவியாக இருந்தவள். சீனாவின் குவெய்லின் நகரத்தில் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது நான்கு பெண்களாகக் கூடி மாஜாங் என்ற சீனக் காய் விளையாட்டு ஆடலாம் என்று கிளப் தொடங்கியவள். அவளை மாட்டுவண்டியில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிடாதே. அதற்காக எதிர்ப்பக்கம் சாய்ந்தாலும் ஆபத்துதான். நம் பழைய சினிமா சேட்டுகள் 'நம்பள்கி, நிம்பள்கி' என்று பேசுவார்களே, அங்கே போய் விழுந்தால் வாசகர் சிரித்துவிடுவார், கதை அதோடு முடிந்தது.

என் யோசனை இதுதான். தமிழில் பொருளைத் தாங்குவது வேற்றுமை உருபும் வினை விகுதியும். அந்நியர் தமிழ் பேசினால் முதலில் உதிர்வதும் அவைதான். ஒலியைக் கொச்சையாக்காதே, விகுதியை மட்டும் அங்கங்கே உதிர்த்துப் பார். மகளைப் பியானோ படிக்க வைக்கும் கதையில், "நான் மேதை இல்லை" என்று மகள் ஜிங்-மெய் கத்தியதும் சுயுவான் அறைகிறாள் அல்லவா? அவள் பதிலை இப்படி வைக்கலாம்: "யாரு உன்னை மேதை ஆகு சொன்னது? உன்னால முடிஞ்ச நல்லது செய், அவ்வளவுதான் கேட்டது. உனக்காக." வேகமாகப் படித்தால் குறை தெரியாது, நின்றால் இடறும். அந்த அளவு போதும்.

இனி முக்கியமான இடம். பியானோ கச்சேரி மானம் போகிற மாதிரி முடிந்து, அதற்கப்புறம் வீட்டில் வருகிற சண்டை. மகள்களில் இரண்டே வகை என்று சுயுவான் கத்துகிறாளே, அதைச் சீன மொழியில் கத்தினாள் என்று ஏமி டான் எழுதியிருக்கிறார். நீ அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டாய். அதை விட்டால் காட்சியே போச்சு. கோபத்தின் உச்சத்தில் அவள் தன் மொழிக்குத் திரும்புகிறாள். ஆகவே அங்கே அவள் தமிழ் முழுசாக இருக்க வேண்டும், சரளமாக, பயமுறுத்தும்படி. 'கீழ்ப்படிதலுள்ள மகள்' என்று நீ போட்டிருப்பது பைபிள் மாதிரி இருக்கிறது. "சொன்ன பேச்சு கேட்கிறவள் ஒரு வகை, தன் இஷ்டத்துக்கு ஆடுகிறவள் இன்னொரு வகை. இந்த வீட்டில் ஒரு வகைக்குத்தான் இடம்!" இப்படி வரட்டும். அதற்குப் பதிலாக, நீ என் அம்மாவாகவே இல்லாமல் இருந்திருக்கலாம் என்கிறாள் மகள். அங்கே நீ 'நீங்கள்' போட்டிருக்கிறாய். ஆங்கிலம் இந்தத் தொல்லையைத் தரவில்லை, தமிழ் தருகிறது. 'நீ' என்றே போடு. அம்மாவை நீ என்று கூப்பிடுகிற மகள் சொன்னால்தான் அது வெட்டும். சுயுவானின் பதில்: "இதை மாத்த நேரம் போச்சு."

அப்புறம்தான் ஜிங்-மெய் அந்தக் குழந்தைகளை இழுக்கிறாள். போரில் குவெய்லினை விட்டு நடந்துபோன அம்மா வழியில் விட்டுவிட்டு வந்த இரட்டைப் பெண் குழந்தைகள். நானும் அவர்களைப் போலச் செத்திருக்கலாம் என்கிறாள். அம்மாவின் வாய் மூடிக்கொள்கிறது, காய்ந்த இலை காற்றில் போவது போலப் பின்வாங்கி அறையை விட்டுப் போகிறாள். அதில் கூடுதலாக ஒரு பெயரடையும் சேர்க்காதே.

உன் முன்னுரைக் குறிப்பில் இந்த நாவல் 'கிழக்குக்கும் மேற்குக்கும் நடக்கும் மோதல்' என்று எழுதியிருக்கிறாய். எனக்கு ஒப்புதல் இல்லை. மகளைப் படி படி என்று நெருக்குவது சீனப் பண்பாடு என்றால், செலஸ்ட் இங் 2014-இல் எழுதிய 'எவ்ரிதிங் ஐ நெவர் டோல்ட் யூ' நாவலை என்ன சொல்வாய்? அங்கே தன் நிறைவேறாத டாக்டர் கனவை மகள் லிடியாமேல் ஏற்றுபவள் வெள்ளைக்கார அம்மா. சீன வம்சத்தவர் அப்பாதான். அந்தப் பெண் ஏரியில் மூழ்கிச் சாகிறாள்.

ஏமி டானிடம் நடப்பது வேறு என்று நினைக்கிறேன். மற்ற அம்மாக்களான லிண்டோ, ஆன்-மெய், யிங்-யிங் மூவரும் தங்கள் சொந்த அத்தியாயங்களில் குறையில்லாத, அழகான ஆங்கிலத்தில் பேசுகிறார்கள். அதே அம்மாக்கள் மகள்கள் சொல்லும் அத்தியாயங்களுக்குள் வந்ததும் வாக்கியம் நொண்டுகிறது. இரண்டையும் கேட்பது வாசகர் மட்டும்தான். மகளுக்கு நொண்டுகிற வாக்கியம்தான் கிடைக்கிறது. அதை வைத்தே அம்மாவின் அறிவையும் அன்பையும் அவள் அளக்கிறாள்.

யிங்-யிங்கைப் பார். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் உள்ள ஏஞ்சல் தீவில் குடியேற்றத் தாள்களை நிரப்பியபோது அமெரிக்கக் கணவர் அவளுக்கு 'பெட்டி' (Betty) என்று புதுப்பெயர் வைத்து, 1914 என்ற பிறந்த ஆண்டையும் 1916 ஆக்கிவிடுகிறார். சீனக் கணக்கில் புலி ஆண்டில் பிறந்தவள் ஒரே எழுத்தில் டிராகன் ஆண்டுக்காரி ஆகிவிட்டாள். அவருக்கு அவள் மொழி தெரியாது, பாதி வார்த்தையை அவரே அவள் வாயில் போடுகிறார். பிரசவத்தில் குழந்தை பிழைக்காமல் போனதும் மருத்துவமனையில் அவள் சீன மொழியில் புலம்புகிறாள், தன் குற்றத்தையே சொல்கிறாள். அம்மா என்ன சொல்கிறாள் என்று அப்பா மகள் லீனாவைக் கேட்கிறார். சின்னப் பெண், பயந்துபோய் எதையோ ஆறுதலாக மாற்றிச் சொல்கிறாள். நாவலின் முதன்மையான மொழிபெயர்ப்பாளர் அவள்தான், அவள் செய்தது பொய் மொழிபெயர்ப்பு. நீ மேசையில் ஒட்டிவைக்க வேண்டிய காட்சி இது.

லிண்டோ வீட்டு விருந்தை நன்றாகச் செய்திருக்கிறாய். உப்பே இல்லை, வாயில் வைக்க முடியாது என்று தன் சமையலைத் தானே பழிக்கிறாள். மகளைக் கட்டிக்கொள்ளப் போகும் ரிச் அதை அப்படியே நம்பி, தட்டு நிறையச் சோயா சாஸை ஊற்றிவிடுகிறான். இதற்கு அடிக்குறிப்பு போட்டிருக்கிறாய், எடுத்துவிடு. 'ஏதோ செஞ்சிருக்கேன், வாய்க்கு நல்லாருக்காது' என்று சொல்லிப் பரிமாறும் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு விளக்கமா?

ஒரு விஷயம் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஏமி டானின் சீனமும் குறையுள்ளதுதான் என்று சொல்பவர்கள் உண்டு. அடுத்த நாவலான 'த கிச்சன் காட்ஸ் வைஃப்'பில் 'டாங் ஜியே' என்பதைச் 'சர்க்கரை அக்கா' என்று விளக்கியிருப்பார். அந்த 'டாங்' சர்க்கரை இல்லை, அந்தச் சொல்லுக்கு நாம் பெரியப்பா மகள், சித்தப்பா மகள் என்று சொல்லும் அக்கா என்றே பொருள். சாவ்-லிங் வாங் என்ற ஆய்வாளர் இதைப் பிடித்து ஒரு கட்டுரையே எழுதினார். சீன வம்சத்து அமெரிக்க எழுத்தாளர் ஃபிராங்க் சின் இன்னும் கடுமையாகப் போய், ஏமி டான் போன்றவர்கள் காட்டுவது போலிச் சீனம் என்றார். சின்னின் கோபம் எனக்கு எப்போதுமே கொஞ்சம் ஓவராகத்தான் படும். வாங் சொன்னது சரி. ஆனால் அம்மாவின் மொழியை அரைகுறையாகக் கேட்டு வளர்ந்த மகள் எழுதிய புத்தகத்தில் அந்தத் தவறு இருப்பது எனக்கு உறுத்தவில்லை.

கடைசியாக சுயுவான். அவளுக்குத் தனி அத்தியாயம் கிடையாது என்பதைக் கவனித்தாயா? நாவல் தொடங்கும்போதே இறந்துவிட்டவள். மற்ற மூவருக்கும் கிடைத்த முழு வாக்கியம் அவளுக்குக் கிடைக்கவில்லை, எல்லாமே ஜிங்-மெய் வழியாகத்தான். அம்மா விட்டுவிட்டு வந்த அந்த இரட்டைக் குழந்தைகள் உயிரோடுதான் இருக்கிறார்கள், முடிவில் அந்த அக்காக்களைப் பார்க்க ஜிங்-மெய் சீனாவுக்குப் போகிறாள். குவாங்சோவில் ஓட்டல் அறையில் அப்பா அம்மாவின் கதையை ஆங்கிலத்தில் ஆரம்பிக்கிறார். அவள் தடுத்து, சீன மொழியிலேயே சொல்லுங்கள், எனக்குப் புரியும் என்கிறாள்.

அந்த இடத்திலிருந்து அப்பாவின் தமிழில் ஒரு விகுதியும் உதிரக் கூடாது. அதுவரை அவர் ஆங்கிலத்தில் பேசுகிற வரிகளை நீ ஏற்கெனவே திருத்தமாக்கி வைத்திருக்கிறாய், அவற்றைத் திரும்பக் கொஞ்சம் கலை. இல்லாவிட்டால் மொழி மாறியது யாருக்கும் தெரியாது. பியானோ வாத்தியார் வருகிற பக்கத்தில் இரண்டு இடங்களில் ஒருமை பன்மை இடிக்கிறது, பென்சிலில் குறித்திருக்கிறேன். அடுத்த அத்தியாயத்தை அனுப்பு.

அன்புடன்,
அக்கா