கடைசி வரிக்காக ஒரு விண்ணப்பம்

மத்திய எஃகு அமைச்சகத்தில் பசுமை ஹைட்ரஜன் முன்னோடித் திட்டங்களைப் பரிசீலிக்கும் குழுவினருக்கு,

வணக்கம். தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தில் எஃகுத் துறைக்கென்று, நிலக்கரிக்குப் பதில் ஹைட்ரஜனால் இரும்பு எடுத்துக் கரியுமிழ்வைக் குறைக்கும் சோதனைகளுக்கு, 2029-30 வரை 455 கோடி ரூபாய் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் வந்த வழிகாட்டு நெறிகள் அந்தப் பணத்துக்கு மூன்று வழி சொல்கின்றன: தாதுவை உருக்காமலே இரும்பாக்கும் செங்குத்து உலையில் முழுக்க ஹைட்ரஜன், அதே வகை உலையில் ஓரளவு ஹைட்ரஜன், ஊதுலையில் ஹைட்ரஜன். அதற்குப் பிறகு, வேறு புதுமையான முயற்சிகளுக்கும் உதவலாம் என்று போகிற போக்கில் ஒரு வரி. அந்த வரியை ஹைட்ரஜன் பிளாஸ்மாவுக்கு, அதாவது மின்வில்லின் (இரு மின்முனைகளுக்கிடையே பாயும் மின்பொறியின்) சூட்டில் அணுக்களாகவும் மின்துகள்களாகவும் பிரிந்த ஹைட்ரஜனுக்கு, திறந்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நம் இரும்புத்தாதுவின் குணம் உங்களுக்குத் தெரியாததல்ல. வெட்டினால் பொடி அதிகம், அலுமினாவும் கூடுதல். செங்குத்து உலைக்குள் பொடியைக் கொட்டினால் வாயு மேலேற வழியிருக்காது. அதனால் அரைத்து, தரம் உயர்த்தி, உருண்டை பிடித்து, சுட்டு அனுப்ப வேண்டும். அங்கிருந்து வருவதும் திட இரும்புதான்; உருக்க இன்னோர் உலை வேண்டும். பிளாஸ்மா உலையில் பொடியை அப்படியே போடலாம். மின்வில்லின் சூட்டில் ஆக்சைடு உருகும், ஹைட்ரஜன் அதன் ஆக்சிஜனைப் பிடுங்கி நீராவியாக வெளியேறும், அடியில் இரும்பு திரவமாகவே சேரும்.

எந்த ஆக்சைடை எது, எந்த வெப்பநிலையில் ஒடுக்கும் (அதன் ஆக்சிஜனை நீக்கும்) என்று காட்டும் எலிங்கம் வரைபடத்தைப் பிளஸ் டூ வேதியியலின் முதல் பாடத்தில் படித்தவர்களுக்கு இது புரியும். சாதாரண ஹைட்ரஜன் இரும்பு ஆக்சைடை ஒடுக்கும்போது வெப்பத்தை உறிஞ்சும். அணுவாகப் பிரிந்த ஹைட்ரஜனோ வெப்பத்தை வெளிவிடும். சும்மா கிடைத்த வரமல்ல. ஒரு மோல் ஹைட்ரஜனின் பிணைப்பை உடைக்க 436 கிலோஜூல் வேண்டும். அந்தக் கணக்கை மின்வில் முன்கூட்டியே தீர்த்துவிடுகிறது. அந்த வரைபடத்தில் அணு ஹைட்ரஜனுக்குரிய கோட்டைக் காட்டி, அலுமினாவையே ஒடுக்கிவிடலாம் என்று யாராவது வந்தால் நம்ப வேண்டாம். பரப்பைத் தொடும் முன்பே அணுக்களில் பெரும்பகுதி மறுபடி ஜோடி சேர்ந்துவிடும்.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது செஞ்சேறு. பாக்சைட்டிலிருந்து அலுமினா எடுத்தபின் மிஞ்சும் காரச் சேறு அது. 2010-இல் ஹங்கேரியின் அய்க்காவில் தேக்கம் உடைந்து பத்துப் பேர் இறந்தார்கள். 2019 ஏப்ரலில் ஜார்க்கண்டின் மூரியிலும் சரிந்தது. ஆனால் அந்தச் சேற்றில் 60 சதவீதம் வரை இரும்பு ஆக்சைடு இருக்கக்கூடும். ஜெர்மனியில் டுசல்டார்ஃபில் உள்ள மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தினர், வெறும் 10 சதவீதம் ஹைட்ரஜன் கலந்த ஆர்கான் பிளாஸ்மாவில் பத்தே நிமிடத்தில் அதிலிருந்து இரும்பைப் பிரித்ததை 2024 ஜனவரியில் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். மிஞ்சிய கசடின் காரத்தன்மையும் தணிந்துவிட்டது. எல்லாம் கிராம் கணக்கில் நடந்த சோதனை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நமக்கு இது வெளியூர்ச் சரக்கும் அல்ல. புவனேஸ்வரத்தில் உள்ள சிஎஸ்ஐஆர் கனிம, உலோகத் தொழில்நுட்ப ஆய்வகத்தினர் இந்தத் துறையை முழுவதுமாக அலசி 2014-இலேயே கட்டுரை எழுதியிருக்கிறார்கள். அதே ஒடிசாவின் தாமன்ஜோடியில் அலுமினா ஆலையும் செஞ்சேற்றுக் குளமும் இருக்கின்றன. ஆஸ்திரியாவின் டோனாவிட்ஸில் இரும்புத்தாதுக்கென்று சோதனை உலையே கட்டிவிட்டார்கள். நாமும் கட்டுரையோடு நின்றுவிடக் கூடாது.

சிக்கல்களை மறைக்கவில்லை. ஒரு டன் இரும்புக்கு, ஒரு துளி வீணாகாவிட்டாலும் 54 கிலோ ஹைட்ரஜன் வேண்டும். உலையில் நுழைவதில் கணிசமான பங்கு வினைபுரியாமல் வெளியேறும். அதைப் பிடித்து, உலர்த்தி, திருப்பி அனுப்ப வேண்டும். மின்முனை தேயும். இரும்பு ஆக்சைடு கலந்த கசடு உலையின் உட்பூச்சைத் தின்னும். மின்சாரம் நிலக்கரியிலிருந்து வருமானால் இத்தனை பாடும் வீண்.

ஆகவே பெரிய ஆலை கேட்கவில்லை. தாமன்ஜோடிச் சேற்றை வைத்து, ஒரு தடவைக்குச் சில நூறு கிலோ உருக்கும் உலை ஒன்று போதும். டன்னுக்கு எத்தனை யூனிட் மின்சாரம், எவ்வளவு மின்முனை தேய்ந்தது, ஹைட்ரஜனில் எத்தனை சதவீதம் வேலை செய்தது என்ற மூன்று கணக்கையும், தோற்ற ஓட்டங்கள் உட்பட, மாதாமாதம் பொதுவில் வெளியிட வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
உலோகவியல் கற்பிக்கும் ஓர் ஆசிரியர்