அக்கா, இந்தச் சித்திரைக்கு நான் வரவில்லை

அக்கா,

இந்தச் சித்திரைக்குப் பூக்கட்ட நான் வர மாட்டேன். இனிமேலும் வர மாட்டேன். போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவேன், நீயும் போனை வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். இடது கை ஒற்றை விரலால் தட்டுவதால் மூன்று நாளாகிவிட்டது. சொந்தக்காரர்களும் படிப்பார்கள் என்று தெரியும். கடைக் கணக்கு நமக்குள் இருக்கட்டும், அதைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை வராது.

2022 எதிர்சேவை ராத்திரிதான், அழகரை மதுரைக்கு வரவேற்கிற அந்த ராத்திரிதான், திரும்பத் திரும்ப வருகிறது. கொரோனாவால் இரண்டு வருஷம் அழகர் ஆற்றில் இறங்காமல், நமக்கும் பிழைப்பில்லாமல் இருந்து, அந்த வருஷம் வந்த ஆர்டரையெல்லாம் வாங்கிப் போட்டாய். வாங்காமல் என்ன செய்வாய்? வட்டிக்காரர் வாசலில் நின்ற காலம். தல்லாகுளம் பக்கமிருந்து வேட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மொட்டு விரிவதற்குள் முடிக்க வேண்டும் என்று நீ அவசரப்படுத்தினாய். இரண்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், நாரைச் சுற்றி ஓர் இழுப்பு. அந்த இழுப்பில்தான், அக்கா, வலது மணிக்கட்டுக்குள்ளே சுண்டுவிரல் பக்கமாகச் சுருக்கென்று பிடிக்கும். எங்கே வலிக்கிறது என்று நீ கேட்டதே இல்லை.

அன்றைக்குப் பிடித்தது விடவே இல்லை. நார் நழுவி, கட்டின சரம் உருவிக்கொண்டு போனது. மூன்று முழம் இருக்கும். நீ பூவைத்தான் பார்த்தாய்.

"டாக்டரே ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாரு, இன்னும் என்னடி நடிப்பு?"

மச்சான் இருந்தார். பூ வாங்க வந்த நாலு பேரும் இருந்தார்கள்.

மறுநாள் விடிவதற்கு முன்னால் நீதான் எனக்குத் தலை பின்னி, மிச்சமிருந்த மல்லியை வைத்துவிட்டாய். பேசவில்லை. அதுதான் உன் மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டு இத்தனை நாள் ஓட்டினேன். இப்போது அதை நினைத்தாலும் கோபம் வருகிறது. பூ வைக்கத் தெரிந்த கைக்கு என் கையைத் தொட்டுப் பார்க்கத் தெரியவில்லையா?

மணிக்கட்டில் இருக்கிற எட்டு எலும்பும் நன்றாக இருக்கின்றனவாம். எம்.ஆர்.ஐ., யூரிக் ஆசிட், முடக்குவாத டெஸ்ட், எல்லாம் நார்மல். ஒவ்வொரு தடவையும் நீ நிம்மதியாக மூச்சு விட்டாய். எனக்கு வயிற்றைப் பிசையும். ஏதாவது ஒரு நோய் இருக்கட்டும் என்று மீனாட்சியிடம் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். வலி குறைவான நாட்களிலும் முடியவில்லை என்று சொல்லியிருக்கிறேன். இன்று நூறு முழம் கட்டினால் நாளைக்குச் சோறு பிசைய முடியாது. அதை விளக்காமல் படுத்துக்கொண்டது என் தப்பு, மன்னித்துவிடு. ஆனால் விளக்கியிருந்தால் நம்பியிருப்பாயா?

இப்போது பார்க்கிற டாக்டரும் பெயர் எதுவும் வைக்கவில்லை. மூன்று மாதம் தாண்டினால் நாள்பட்ட வலி, அவ்வளவுதான் சொல்ல முடியும் என்றார். வலியை ஆராய்கிற உலகச் சங்கம் 2020-ல் வலிக்கான விளக்கத்தைத் திருத்தியதாம். ஒருவர் வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறார்கள். கேட்டதும் அந்த அறையிலேயே அழுதேன். யாரோ முன்பின் தெரியாதவர்கள் எழுதி வைத்தது, அக்கா. நீ சொல்லியிருக்க வேண்டியது.

சரி. எதிர்வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுக்கொள், அவளுக்குக் கை வேகம். கூலியைக் குறைக்காதே, நடுவில் எழுந்து கையை உதறினால் திட்டாதே.

திருவிழா முடிந்ததும் வீட்டுக்கு வா. பால் பாத்திரத்தை நீ இறக்கிக் கொடு, காபி நான் கலக்குகிறேன்.