மேடையை விடாத ஹலுக் பில்கினர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். துருக்கித் தொடர்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் வெளியான கட்டுரை, ஹலுக் பில்கினர் 2019இல் சிறந்த நடிகருக்கான சர்வதேச எம்மி விருது பெற்றவர் என்ற ஒரே வரியோடு அவரைக் கடந்துவிட்டது. பாடசாலை மாணவர்களை 30 ஆண்டுகள் தமிழ்த்தின நாடகப் போட்டிகளுக்குப் பழக்கியவன் என்ற உரிமையில், அவருடைய மேடை வாழ்வையும் வாசகர்கள் அறிய வேண்டுமென விரும்புகிறேன்.

1954இல் இஸ்மீரில் பிறந்து, அங்காராவில் நாடகம் பயின்று, மேற்பயிற்சிக்காக லண்டன் சென்ற பில்கினர், 1985இல் தொடங்கிய பிபிசியின் 'ஈஸ்ட்எண்டர்ஸ்' தொடரில் மெஹ்மத் ஒஸ்மானாக நடித்து பிரித்தானிய வீடுகளில் அறிந்த முகமானார். அந்தப் புகழோடு அங்கேயே தங்கிவிடாமல் தாயகம் திரும்பி மேடையேறியவர், 1999இல் சுஹால் ஒல்ச்சாயுடன் இணைந்து இஸ்தான்புல் நகரின் கடிகோய் பகுதியில் 'ஒயுன் அத்தோல்யேசி' நாடக நிறுவனத்தைத் தொடங்கினார். 2012இல் அக்குழு லண்டன் குளோப் அரங்கில் ஷேக்ஸ்பியரின் 'அந்தோனியும் கிளியோபாத்ராவும்' நாடகத்தைத் துருக்கி மொழியிலேயே ஆடியபோது, அந்தோனியாக நின்றவர் பில்கினர். தாம் நடிப்புப் பயின்ற ஊரிலேயே தாய்மொழியில் முழங்கிய அந்த நிகழ்வை விருதுக்கும் மேலாக மதிக்கிறேன்.

மேடைப் பயிற்சி திரையில் என்ன செய்யும் என்பதை அறிய, 2014இல் கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருதை வென்ற, அவர் நடித்த 'குளிர்கால உறக்கம்' படத்தைப் பார்க்கலாம். கப்படோக்கியாவில் விடுதி நடத்தும் முன்னாள் நடிகரான ஆய்தின் (பில்கினர் ஏற்ற பாத்திரம்), மேசை முன் அமர்ந்திருக்க, முதுகுப்புறம் சாய்ந்திருக்கும் சகோதரி அவரைச் சொல்லால் குத்திக்கொண்டே போகிறார். பில்கினர் குரலை உயர்த்தாமல், உடலைச் சற்றே திருப்பும் அசைவிலேயே அந்த அவமானத்தை நமக்குக் காட்டிவிடுகிறார்.

எங்கள் தோட்டத்தில், மன்மதன் கதையை ஆடும் மாசி மாதக் காமன் கூத்தில் மதனாக ஆடியவர், விடிந்ததும் காதோரம் அரிதாரம் கலையாமலே, தொழிலாளர்கள் காலையில் வேலைக்குக் கூடும் பெரட்டுக்களத்தில் வந்து நின்றார். தப்போசைக்கு அவர் பாதம் வைத்த ஒழுங்கை இரவு முழுதும் பார்த்திருந்த எனக்கு, அவரும் ஒரு நடிகராகவே தெரிகிறார். ஆனால் அவரைப் பற்றி எந்தப் பத்திரிகையிலும் ஒரு வரி வந்ததில்லை. பில்கினரின் நாடக வாழ்வைத் தாங்கள் விரிவாக வெளியிடும்போது, மலையகக் கூத்துக் கலைஞர்களுக்கும் அதே மலரில் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டுகிறேன். அந்த மதனிடம் கேட்டு எழுதித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
ஹட்டன்.