செயலாளர் ஆண்டறிக்கை: சங்க வண்டியும் கண்மாய்ப் பாதைகளும்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மண்பாதைகளில் ஜீப் ஓட்டும் நம் சங்கத்தின் இந்த ஆண்டுப் பெரிய வேலை, பழைய மாருதி ஜிப்சியைக் காரைக்குடிப் பட்டறையில் வைத்து இளைக்க வைத்ததுதான். முன்பு வைத்திருந்தவர் பார்வைக்காக மாட்டிய கனத்த இரும்பு பம்பரையும் கூரைக் கேரியரையும் கழற்றினோம். பின்பக்கம் கூடுதலாகச் செருகியிருந்த ஸ்பிரிங் பட்டையையும் எடுத்தோம், குதிப்பு அடங்கிவிட்டது. சிக்கிய வண்டியைக் கம்பியால் இழுத்தெடுக்கும் மின்சார வின்ச் வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். மூக்கில் அத்தனை கனத்தை ஏற்றிவிட்டு, அப்புறம் அதைத் தாங்கத் தடித்த ஸ்பிரிங் தேடுவானேன்? மண்வெட்டி, இழுவைப் பட்டை, கை வின்ச் போதும் என்று செயற்குழு முடிவு செய்தது. புதுவயல் அரிசி ஆலை எடைமேடையில் ஏற்றியபோது ஒரு டன்னுக்குக் கீழே காட்டியது. அந்த எடைக்கு 1.3 லிட்டர் எஞ்சின் தாராளம்.

பெரிய டயர் விவாதம் இரண்டு கூட்டங்களைத் தின்றது. உயரம் கூடும், சரி. ஆனால் இழுவை குறையும், பிரேக்குக்கும் வேலை கூடும். கம்பெனி அளவே நீடிக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவையும், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் உறுப்பினர்கள் மறக்க வேண்டாம்: ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) உள்ளதற்கு மாறாக வண்டியின் அமைப்பை நாமாக மாற்ற முடியாது. அதனால்தான் பாடியிலும் இருக்கைகளிலும் கை வைக்கவில்லை.

இனி ஓட்டம். நம் பக்கத்துச் செம்மண் காய்ந்தால் கல், நனைந்தால் களி. பொட்டலில் டயர் காற்றழுத்தத்தை 18 பி.எஸ்.ஐ. வரை இறக்கினால் டயர் மண்ணில் பரந்து படியும். சக்கரம் சுழன்று குழி பறிக்காது. தார்ச் சாலை ஏறும் முன் திரும்ப அடித்துக்கொள்ள வேண்டும். பம்ப் இல்லாத வண்டிக்கு இனி அனுமதி இல்லை.

கண்மாய்க் கரையில் ஏறுவதை இந்த ஆண்டு முழுவதுமாக நிறுத்தினோம். தேவகோட்டைப் பக்கம் ஓர் ஊரில் ஊர்ப் பெரியவரான அம்பலகாரர் ஐயா வழிமறித்து, “தம்பி, ஈரக் கரையில ஒரு தடம் விழுந்தா, ஐப்பசி மழையில தண்ணி அது வழியாத்தான் இறங்கும். அடைக்கிறது நாங்கதானே?” என்றார். நியாயம்தான். வரத்துக் கால்களைக் குறுக்கே கடப்பதும் அப்படியே: தடம் பதிந்த இடத்தில் கால் தூர்ந்து, கண்மாய்க்கு வரவேண்டிய நீர் வேறு பக்கம் ஓடிவிடும். கலுங்கு (மிகை நீர் வழியும் இடம்), மடை, ஊருணிப் படித்துறை, கோயில் காடு எதையும் நெருங்குவதில்லை. இப்போது வண்டிப்பாதையில் மட்டும், ஊராரிடம் கேட்டுவிட்டுத்தான் போகிறோம்.

1977இல் சரணாலயமான வேட்டங்குடிப் பக்கம் பறவைகள் கூடும் கார்த்திகை முதல் மாசி வரை போவதில்லை. கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை. அங்கே போய் நாம் எஞ்சினை உறும விடுவது அழகல்ல. இதற்குச் சில இளைஞர்கள் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். பட்டறைக் கணக்கு தீர்ந்தது. கேன்வாஸ் தைத்த கூலி மட்டும் பாக்கி. சந்தா கட்டாதவர்கள் பெயர்ப் பட்டியல் என்னிடம் உள்ளது, இப்போது வாசிக்கவில்லை. சாப்பாட்டுக்கு முன் கட்டிவிடுங்கள்.