முதல் மருந்தும் அல்ல, எல்லா வலிக்கும் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த புதிய வலி மாத்திரை பற்றிய கட்டுரையைப் படித்தேன். சுசெட்ரிஜின் பற்றித் தமிழில் இவ்வளவு விரிவாக வந்தது மகிழ்ச்சி. ஆனால் ‘நரம்பின் சோடியம் வழியை அடைத்து வலியை நிறுத்தும் முதல் மருந்து’ என்ற வரியைப் பல் மருத்துவன் ஒருவன் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது.

வலிச் சேதி நரம்பில் ஓடுவதே, அதன் சவ்வில் உள்ள நுண்ணிய புரதத் துளைகளான சோடியம் வழிகள் திறந்து சோடியம் அயனிகள் உள்ளே பாய்வதால்தான். (சாப்பாட்டில் உப்பைக் குறைத்தால் வலி குறையுமா என்று கேட்கிறார்கள். குறையாது.) பல் பிடுங்குமுன் நாங்கள் போடும் மரத்துப்போகிற ஊசி இந்தத் துளைகளைத்தான் அடைக்கிறது. அதிலுள்ள லிடோகைனை 1943இல் ஸ்வீடனில் நீல்ஸ் லோஃப்கிரென் உருவாக்கினார். முகத்தில் மின்னல் வெட்டுவதுபோல் வரும் நரம்பு வலிக்குப் பல ஆண்டுகளாகக் கொடுத்துவரும் கார்பமாசெபினும் இதே வேலையைத்தான் செய்கிறது.

அப்படியானால் புதுமை எங்கே? இந்தச் சோடியம் வழிகள் மொத்தம் ஒன்பது வகை. லிடோகைனுக்கு ஆள் பார்த்து அடைக்கத் தெரியாது. இதயத்திலும் மூளையிலும் உள்ளவற்றையும் அது விடாது. அதனால்தான் அளவு பார்த்து, இடம் பார்த்துப் போடுகிறோம். சுசெட்ரிஜின் நாவ் 1.8 என்ற ஒரே வகையைக் குறிவைக்கிறது. அது பெரும்பாலும் உடலின் புற வலி நரம்புகளில்தான் இருக்கிறது. மூளையின் போதைப் பாதையை இந்த மருந்து தொடாததற்கும் அதுவே காரணம்.

கட்டுரையாளர் விட்டுவிட்ட கதை ஒன்றும் உண்டு. வட பாகிஸ்தானில் ஒரு சிறுவன் வலியே தெரியாமல் கையில் கத்தியைச் செருகியும் தணலில் நடந்தும் தெருவில் வித்தை காட்டிவந்தான். பதினான்கு வயது நிறையும் முன்பே கூரையிலிருந்து குதித்து இறந்தான். அவனுடைய உறவினர்களை ஆராய்ந்தவர்கள், நாவ் 1.7 என்ற இன்னொரு வகைச் சோடியம் வழிக்கான மரபணு அவர்களிடம் செயலிழந்திருப்பதை 2006இல் வெளியிட்டார்கள். அதே மரபணு மிகையாக வேலை செய்தால் கைகால் சிவந்து நெருப்பாய் எரியும் பரம்பரை நோய் வரும். இதையெல்லாம் நம்பிப் பெரிய நிறுவனங்கள் நாவ் 1.7ஐ அடைக்கும் மருந்துகளைத் தேடின. சோதனைகளில் அவை எதிர்பார்த்தபடி வலியைக் குறைக்கவில்லை. வழியை அடைத்தாலே வலி போய்விடும் என்று அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது.

என் நாற்காலியிலேயே இதைப் பார்க்கிறேன். கீழ்க் கடைவாய்ப் பல் இரவெல்லாம் குடைந்து வருபவருக்குத் தாடை நரம்பில் ஊசி போட்டால் உதடு கட்டையாகிவிடும். ஆனாலும் பல்லில் கருவி பட்டதும் துள்ளி எழுவார். “மருந்து டூப்ளிகேட்டா டாக்டர்?” என்றுகூடக் கேட்பார்கள். சீழ் பிடித்த இடத்தின் அமிலத்தில் லிடோகைன் நரம்புக்குள் சரியாக நுழைவதில்லை என்பது பழைய விளக்கம். ஆனால் நாங்கள் ஊசி போடுவது பல்லுக்கு வெகு பின்னால், நல்ல சதையில். பல்லின் உள்ளே நரம்பு ஓடும் பற்கூழ் வீங்கும்போது அதில் சோடியம் வழிகள் பெருகியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அவற்றில் சில வகைகள் லிடோகைனுக்கு எளிதில் மசியாதவை. எனக்கு இந்த விளக்கமே பொருத்தமாகப் படுகிறது.

கட்டுரையில் என்னை உறுத்தியது அதன் கடைசிப் பத்தி. சர்க்கரை நோயால் கால் எரிபவர்களும் இடுப்பு நரம்பு வலிக்காரர்களும் ‘இனிக் கவலைப்பட வேண்டாம்’ என்கிறார். அமெரிக்காவில் 2025 ஜனவரியில் கிடைத்த அனுமதி, பெரியவர்களுக்கு வரும் மிதமான, கடுமையான திடீர் வலிக்கு மட்டுமே. சோதனைகளும் கால் பெருவிரல் எலும்பு, வயிற்றுத் தோல் அறுவைகளுக்குப் பிந்தைய வலியில் நடந்தவை. அங்கேயும் மருந்தில்லாத வெற்று மாத்திரையை வென்றதே ஒழிய, பாராசிட்டமால் கலந்த ஹைட்ரோகோடோன் என்ற அபினி வகை வலி மருந்தை மிஞ்சவில்லை. இடுப்பிலிருந்து கால்வரை இழுக்கும் நரம்பு வலிக்கான சோதனையில் வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு வலி குறைந்தது. விலையோ 2025இல் அமெரிக்காவில் ஒரு மாத்திரைக்குப் பதினைந்தரை டாலராக இருந்தது.

காலெரிச்சலுக்கு பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் சாப்பிட்டு வருபவர்கள் இந்தக் கட்டுரையை நம்பி அவற்றை நிறுத்திவிடக் கூடாது. அடுத்த ஞாயிறு இணைப்பில், அனுமதி திடீர் வலிக்கு மட்டும்தான் என்று ஒரு வரித் திருத்தம் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பல் மருத்துவர் ஒருவர்,
தேனி மாவட்டம்