என் உடைக்குள் உழைத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

உடையில் பொருத்திய சென்சார்கள் (அசைவை உணரும் சிறு கருவிகள்) மேடையின் ஒளியையும் ஒலியையும் இயக்கிய நம் நடனத்தின் கடைசிக் காட்சியும் நல்லபடியாக முடிந்துவிட்டது. கையைத் தூக்கினால் ஒளி எழுந்ததையும், மூச்சை இழுத்தால் மேடை மெல்ல வெளுத்ததையும் பார்த்த நிறையப் பேர் என்னிடம் வந்து பாராட்டினார்கள். அதில் என் பங்கு ஆடியது மட்டும்தான். மேடையை என் உடம்புக்குச் செவிசாய்க்க வைத்தவர்கள் நீங்கள். அதை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி சொல்லத்தான் இந்த மடல்.

ஒத்திகை தொடங்கியதிலிருந்து உங்களில் ஒருவர்கூட என்னிடம், "சென்சாருக்காகக் கொஞ்சம் மாற்றி ஆடுங்களேன்" என்று கேட்கவில்லை. இது எவ்வளவு பெரிய விஷயம் என்று இந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். கருவிக்குப் புரியட்டும் என்று கையைப் பெரிதாக வீசி, தவறவிட்டுவிடுமோ என்று ஒரே அசைவை இரண்டு தடவை செய்து, கடைசியில் நடனமே காணாமல் போன நிகழ்ச்சிகளை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் ஆட்டத்தைத் தொடவில்லை. மற்றதையெல்லாம் அதற்கேற்ப மாற்றினீர்கள்.

உடை தைத்த அக்காவுக்கு என் முதல் நன்றி. பேட்டரியை எங்கே வைப்பது என்று நாங்கள் படம் போட்டுப் பேசிக்கொண்டிருந்தோம். அக்கா தரையில் சாக்பீஸ் பொடியைத் தூவிவிட்டு, கறுப்பு உடையில் முழு ஆட்டத்தையும் ஒரு தடவை ஆடச் சொன்னார். முடித்தபோது முதுகு, தோள், இடுப்பு எலும்பு, முழங்கால் எல்லாம் வெள்ளை. இடது விலாவுக்குக் கீழே உள்ளங்கை அளவு இடம் மட்டும் கறுப்பாகவே இருந்தது. "சரி, இங்கேதான்" என்றார். லித்தியம் பாலிமர் பேட்டரி நசுங்கினாலோ குத்துப்பட்டாலோ தீப்பிடிக்கக்கூடியது. அதை உடம்போடு கட்டிக்கொண்டுதான் அத்தனை காட்சிகளிலும் தரையில் உருண்டேன். ஒரு தடவைகூடப் பயம் வரவில்லை, அக்கா.

மின்சாரம் கடத்தும் நூலும் அவர் கைக்குப் போன பிறகுதான் வழிக்கு வந்தது. வெள்ளிப் பூச்சுள்ள நைலான் நூல் அது. நேராகத் தைத்தால் துணி இழுபடும்போது அறுந்துபோகும் என்று, முழங்கைப் பகுதி முழுவதையும் ஜிக்ஜாக் தையலாகப் போட்டார். முடிச்சு வழுக்கி அவிழ்ந்ததால் ஒவ்வொரு முடிச்சின் மேலும் நிறமில்லாத நகப்பூச்சு ஒரு சொட்டு வைத்தார். மேலுறை இல்லாத நூல் என்பதால் கை மடங்கி இரண்டு இழைகள் தொட்டுக்கொண்டால் ஷார்ட் ஆகிவிடும்; வியர்வையில் ஊறினாலும் சிக்கல்தான். அதனால் ஓர் இழையைக் கையின் வெளிப்பக்கமாகவும் மற்றதை உட்பக்கமாகவும் ஓட்டி, இரண்டுக்கும் உள்ளே தனியாக ஒரு துணி கொடுத்தார். துவைக்கும்போது சென்சாரைக் கழற்ற உலோகப் பிரஸ் பட்டன்கள். மின் இணைப்பும் அந்தப் பட்டன் வழியாகத்தான்.

மின்னணு வேலை பார்த்த நண்பரே, உங்களுக்கு என்ன சொல்வது! மணிக்கட்டில் இருந்த சில்லில் வேகம் மாறுவதை அளக்கும் முடுக்கமானி, சுழற்சியை அளக்கும் கைரோ, திசைகாட்டி மாதிரி வேலை செய்யும் காந்தமானி மூன்றும் இருந்தன. மேடையின் இரும்புச் சட்டத்துக்கோ ஒலிபெருக்கிக்கோ பக்கத்தில் போனால் காந்தமானி திசை தடுமாறியது. அதை விட்டுவிட்டால் கைரோவின் கணக்கு போகப் போக விலகியது. நீங்கள் ஒத்திகையில் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் நான் பார்வையாளர்களை நோக்கி அசையாமல் நிற்கிறேன் என்பதைக் கவனித்து, அந்த நிலையிலேயே திசைக் கணக்கைப் புதிதாகத் தொடங்க வைத்தீர்கள். நான் ஒரு பொத்தானைக்கூட அமுக்க வேண்டியிருக்கவில்லை. நடனத்தை இப்படிப் பார்க்கிற பொறியாளர் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

வெள்ளோட்டத்தில் பட்ட பாட்டையும் சொல்லியாக வேண்டும். காலி அரங்கில் ஒழுங்காக ஓடிய கம்பியில்லா இணைப்பு, ஆட்கள் வந்து உட்கார்ந்ததும் திக்கித் திணறியது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அத்தனை கைபேசிகளும் நெருக்கியடித்தன. போதாததற்கு, மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். அது அந்த அலைகளை உறிஞ்சும். நான் முதுகைத் திருப்பினாலே சிக்னல் மங்கியது. முதல் காட்சிக்குள் எல்லாவற்றையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றி, மேடையின் இரு பக்க மறைவிலும் ஒவ்வொரு ரிசீவர் வைத்த தம்பிகளே, நீங்கள் தூங்காதது எனக்குத் தெரியும்.

எந்த அசைவு எதை இயக்க வேண்டும் என்று முடிவெடுத்த நிரலாளருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே நன்றி. ஆரம்பத்தில் எனக்கு எல்லாமே வேண்டியிருந்தது: விரல் அசைந்தால் ஒலி, தலை திரும்பினால் நிறம். அவர் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். எல்லா அசைவுக்கும் ஏதாவது நடந்துகொண்டே இருந்தால் பார்ப்பவருக்கு எதுவுமே நடந்ததாகத் தோன்றாது என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. தாமதத்தையும் அவர்தான் பிரித்துப் பார்த்தார். காலைத் தட்டியதும் வரவேண்டிய ஒலி கொஞ்சம் பிந்தினாலே ஆடுகிறவருக்கு உறுத்த ஆரம்பித்துவிடும். ப்ரொஜெக்டரோ தன் பங்குக்குத் தாமதம் சேர்க்கும். அதனால் வெடுக்கென்ற அசைவுகளை ஒலிக்கும் விளக்குக்கும் கொடுத்து, நிதானமாக நீளும் கையைத் திரைக் காட்சிகளுக்கு விட்டார். அந்தத் திரையில் தாமதம் இருந்ததாக ஒருவரும் சொல்லவில்லை.

மூச்சுக்கு ஒளி கொடுத்தவர் விளக்கமைப்பாளர். விலாவைச் சுற்றியிருந்த பட்டை விரிந்தால் அதன் மின்தடை மாறும். அந்த எண்தான் விளக்குக்குப் போனது. ஆனால் மேடை விளக்குகளுக்குக் கட்டளை அனுப்பும் டிஎம்எக்ஸ் முறையில் ஒரு சேனலுக்கு 0 முதல் 255 வரைதான் படிகள். மங்கலான ஒளி அதில் தத்தித் தத்தி ஏறியது, மூச்சு அப்படி ஏறுவதில்லையே. இரண்டு சேனல்களைச் சேர்த்து 65,536 படிகளாக்கி, நான் இழுத்துவிட்ட மூச்சோடு விளக்கை ஒட்ட வைத்தார். ஆடிய அத்தனை காட்சிகளிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

எங்களுக்கு முன்னால் போனவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். பட்டுத் துணிக்குள் கோல்களை வைத்து, மின்விளக்கின் ஒளியை உடையில் அலையாய் ஓடவிட்டு, அந்த உடைக்கு 1894இல் காப்புரிமையும் வாங்கிய நடனக் கலைஞர் லோயி ஃபுல்லரிலிருந்தே இந்த வழி தொடங்குகிறது. 1966இல் நியூயார்க்கில் பொறியாளர் பில்லி க்ளூவரும் ஓவியர் ராபர்ட் ராஷன்பர்க்கும் கலைஞர்களையும் பெல் என்ற தொலைபேசி நிறுவனத்தின் ஆய்வகப் பொறியாளர்களையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தார்கள். டென்னிஸ் மட்டைக்குள் ஒலிபரப்பி வைத்து, பந்தை அடிக்க அடிக்க அரங்கின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைய வைத்தது அங்கேதான். நடனக்காரரின் மூட்டுகளில் சென்சார் கட்டிய மார்க் கோனிக்லியோ, கையுறையையே இசைக்கருவியாக்கிய லெட்டீஷியா சோனாமி, துணியில் தைக்கக்கூடிய லில்லிபேட் ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையை உருவாக்கிய லியா பியூக்லி ஆகியோரின் வேலை இல்லையென்றால் நாங்கள் எங்கே தொடங்கியிருப்போம் என்றே தெரியவில்லை. நிரல்களை இலவசமாகத் திறந்துவைத்திருக்கும் முகமறியாத பலருக்கும் இதே நன்றி.

அப்புறம், ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் பேட்டரியின் அளவைப் பார்த்து, இணைப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுச் சோதித்து, "தயார்" என்று சொன்ன பிறகே என்னை மேடையேற விட்ட மேடை மேலாளர் அண்ணனுக்கு என் வணக்கம். வெள்ளோட்டத்துக்கு வந்து, எது புரிந்தது, எது புரியவில்லை என்று ஒளிக்காமல் சொன்னவர்களுக்கும்தான்.

உடையின் வெட்டுப் படிவம், நூல் போகும் பாதை, விளக்குகளுக்கான அமைப்பு, நிரல் எல்லாவற்றையும் ஒழுங்காகத் தொகுத்து வைத்திருக்கிறோம். ஆட விரும்பும் யார் கேட்டாலும் கொடுக்கலாம் என்று நீங்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னீர்கள். அதற்கும் சேர்த்து நன்றி. வேண்டியவர்கள் தயங்காமல் கேளுங்கள். முழங்கைத் தையலை மட்டும் அக்காவிடம் நேரில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள், படத்தைப் பார்த்து அது வராது.

அன்புடன்,
அந்த உடையில் ஆடியவள்